இரண்டு வருஷத் துரு

உங்கள் ஜீப்பைக் கழுவுகிற கான்ஸ்டபிள் முன் சக்கரங்களோடு நிறுத்திக்கொள்கிறார். உள்ளே வரும்போது பார்த்தேன். பின் தகட்டின் மடிப்பில் போன மாதத்துச் சேறு அப்படியே காய்ந்து கிடக்கிறது. அதன் மேல் இந்த வாரத்துச் சேறு. பழையது சாம்பல் நிறம், புதியது செங்கல் நிறம். குற்றமாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நான் வண்டிகளைப் பார்க்கும் விதம் அப்படி. அது புரிந்தால் மீதியை எழுதிக்கொள்வது உங்களுக்குச் சுலபம்.

பெயர் செபமாலை மத்தியாஸ். வயது முப்பத்தாறு. லிந்துலைக்கு மேலே ஐந்து மைலில் இருக்கிற தோட்டத்தில் தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்து அடிப்பவன். வெட்டுத் தகட்டைப் பெட்டியின் மேல் வைத்து, கறுப்பு மையைத் தூரிகையால் குத்த வேண்டும். தோட்டத்தின் பெயர், தூளின் வகை, நிறை. பெட்டிகள் கொழும்புக்குப் போகும், கப்பல் ஏறும், லண்டனில் உடைபடும். எழுத்து நேராக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பதினாறு வருஷமாக நேராகத்தான் அடிக்கிறேன்.

கிரேவ்ஸ் துரை எங்கள் தோட்டத்துக்கு மேனேஜராக வந்தது 1954இல். சண்டைக் காலத்தில் விமானம் ஓட்டியவர். வலது கையில் மூன்று விரல்கள் நெருப்பில் வெந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கோப்பையைத் தூக்கினால் கீழே தட்டு சத்தம் போடும். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் தேர்ந்தெடுத்த பொழுதுபோக்கு, சின்ன விமானங்கள் செய்வது. துண்டு துண்டாக இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வரும். ஒட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். ஒட்டுவதை எப்படியோ ஒட்டிவிடுவார். பெயின்ட் அடித்ததைப் பார்க்க முடியாது.

பங்களா ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிக்க என்னை அனுப்பியிருந்தார்கள். வராந்தா மேசையில் அவர் முடித்த விமானம் ஒன்று நின்றது. கழுவிக் கவிழ்த்த எனாமல் கோப்பை போலப் பளபளத்தது. நான் சிரித்திருக்க வேண்டும்.

“என்னா சிரிக்கிறது?” என்றார். அவருக்குத் தெரிந்தது, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துத் தமிழ்தான்.

“இது எங்கயும் போய் வந்ததில்லீங்க தொரை. பொறந்ததுலேருந்து மேசை மேலயே இருக்குது.”

வேறு துரையாக இருந்தால் அன்றே வேலைப் பட்டியலிலிருந்து என் பெயரை வெட்டியிருப்பார். இவர் கொஞ்ச நேரம் விமானத்தைப் பார்த்தார், பிறகு அதை என் கையில் கொடுத்தார். கொண்டுபோய்ச் சரியாக்கு என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தேன். பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் வேலை செய்வேன். விளக்கில் நிறம் பார்க்கிறவனுக்குக் கண் இருந்தும் பயனில்லை. வெயில் மேலேயிருந்து படும் என்பதால் மேல்பக்கத்துப் பச்சையில் ஒரு சொட்டு வெள்ளை கலந்து வெளிற வைத்தேன். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளை இறக்கையின் ஓரங்களில் ஒட்டி, அதன் மேல் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் ஊசியால் சுரண்டினேன். உள்ளே உலோகம் இருப்பது போலத் தெரிந்தது. சிம்னியில் படிந்த கரியைத் தட்டி எடுத்து, புகைக்குழாய்களிலிருந்து வால் பக்கமாகத் தடவினேன். துரை அதைக் கையில் வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தார். எண்ணெய் வாசனை வருமென்று நினைத்தாரோ என்னவோ.

அதற்குப் பிறகு ஏழு வருஷம். முப்பத்தொரு விமானங்கள், ஒன்பது வண்டிகள். துரை ஒட்டுவார், நான் அவற்றுக்கு வயசு கொடுப்பேன். கொழும்பில் வெள்ளைக்காரர்களின் கழகம் ஒன்று ஆண்டுதோறும் கண்காட்சி வைக்கும். அங்கே அவை துரையின் பெயரில் போகும். துரையின் பெயரில் கேடயம் வரும். அதில் எனக்கு வருத்தம் இருந்தது என்று நீங்கள் எழுதப் பார்ப்பீர்கள். எழுத வேண்டாம். நடுங்குகிற அந்தக் கையைப் பார்த்த பிறகும் அதெல்லாம் அவர் வேலை என்று நம்புகிறவர்களின் பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் எனக்குப் பொம்மை மத்தியாசு என்று பெயர். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, இதை வைத்துப் பிள்ளைகள் விளையாடலாமா என்று கேட்கிற ஜனங்கள். துருவுக்கும் சேற்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் பிறந்து, அப்படியே செத்துப்போகிறவர்கள். அவர்கள் நடுவில்தான் எனக்கும் ஒற்றை அறையாக ஒரு காம்பரா.

1960இல் துரை ஒரு புதிய வேலை கொடுத்தார். இரண்டொரு வருஷத்தில் ஊருக்குத் திரும்புவதாக இருந்தார். தோட்டத்து ஞாபகமாக எங்கள் லொறியைச் சின்னதாகச் செய்து தரச் சொன்னார். அதற்குப் பெட்டியில் வந்த துண்டுகள் கிடையாது. எல்லாம் நானே செய்தேன். தேயிலைப் பெட்டிப் பலகை, டின் தகடு, சைக்கிள் டியூபில் வெட்டிய டயர். ஐந்து மாதம். முடித்து வராந்தா மேசையில் வைத்தபோது துரை இரண்டு முறை அதைச் சுற்றி வந்தார். பிறகு, லொறி டிரைவரைக் கூப்பிடச் சொன்னார்.

கந்தப்பனைத்தான் சொல்கிறேன். நாற்பத்தைந்து வயது, வெற்றிலை வாய், இரண்டாம் வகுப்போடு நிறுத்தியவன். ஞாயிறு காலையில் லொறியை ஓடைக்கரையில் நிறுத்துவான். அடியில் படுத்துத் தேங்காய்ப் பொச்சால் இரும்பு இரும்பாகத் தேய்ப்பான். பெண்சாதி லெட்சுமி வாளியில் தண்ணீர் மொண்டு கொடுப்பாள். சாமிக்கு அபிஷேகம் செய்கிறவன் முகம் அப்போது அவனுக்கு இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும்.

அவன் குனிந்து என் லொறியைப் பார்த்தான். மறுபக்கம் போய்ப் பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“ரொம்ப நல்லா இருக்குங்க தொரை. ஆனா நம்ம லொறி இல்லீங்க.”

ஏன் என்று துரை கேட்டார்.

“போறப்பவும் வர்றப்பவும் எடது சக்கரந்தாங்க ரோட்டு ஓரத்துல போவுது. எதுத்தாப்புல கார் வந்தா ஒதுங்குறதும் எடப்பக்கந்தான். அந்தப் பக்கம் சேறு கூட இருக்கும். இதுல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. அப்புறம் என் கதவுல, கண்ணாடிக்குக் கீழ நான் முழங்கையை வச்சு வச்சுப் பெயின்ட் போயிருக்கும். இதுல அது இல்லீங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “தப்பா நெனைக்காதப்பா. மத்ததெல்லாம் அச்சு” என்றான்.

துரை எழுந்து வெளியே போனார். முற்றத்தில் நின்ற பெரிய லொறியின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு வந்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். கந்தப்பன் சொல்கிறபடி மாற்று என்று என்னிடம் சொன்னார். அதோடு விடவில்லை. இனி எந்த வேலை முடிந்தாலும் கந்தப்பன் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அலமாரிக்குப் போகும் என்றார்.

அவன் சொன்னது சரிதான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் யார் சொல்வது என்று ஒன்று இருக்கிறது. ஏழு வருஷம் கண்ணைக் கரைத்தவன் நான். அவன் கதவில் முழங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்.

அதற்குப் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வராந்தாவில் அவன் பார்க்க நான் நின்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வருவான். மரியாதையாகத்தான் பேசுவான். இந்தப் பக்கம் எண்ணெய் கூடிப்போச்சே தம்பி என்பான். டயர் நடுவிலே தேயாதே, ஓரத்துலதானே தேயும் என்பான். அண்ணே சொல்றது சரிதான் என்று நான் சொல்வேன்.

ஏழாவது ஞாயிறு ஒரு ஹரிக்கேன் விமானம். துரை சண்டையில் ஓட்டியது அந்த வகைதான். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று இப்போதும் சொல்வேன். கந்தப்பன் விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. அதனால் அன்று வாயைத் திறக்கமாட்டான் என்று நினைத்தேன். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு துரையிடம் கேட்டான்:

“இதுல ஏறுறவரு எந்தப் பக்கமா ஏறுவாருங்க?”

இடது பக்கமாக என்றார் துரை.

“அப்பன்னா அந்தப் பக்கத்து ரெக்கையில, ஒடம்போட ஒட்டுற எடத்துல, பூட்ஸ் மிதிச்சுத் தேஞ்சிருக்கணுமே. எத்தனை வாட்டி ஏறி எறங்கியிருப்பாரு மனுசன்.”

துரை விமானத்தைக் கையில் எடுத்தார். அந்த இடத்தில் வெந்த விரலை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாற்பது வேலை செய்து கொடுத்திருக்கிறேன். அவர் ஒன்றுக்கும் அழுததில்லை.

மறு மாதம், 1961 பெப்ரவரியில், லொறிக் கதவுகளில் தோட்டத்தின் பெயரைப் புதிதாக எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. லொறி மூன்று நாள் கொட்டகையில் நின்றது. கந்தப்பனே கொண்டுவந்து விட்டான். கதவின் அடிப்பக்கத்தையும் அடிக்கிறதானால் படுத்துத்தான் அடிக்க வேண்டும், தரை ஈரமாகக் கிடக்கிறது என்று சொல்லி, ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனான். அந்தச் சாக்கில் படுத்துத்தான் வேலை செய்தேன்.

பிரேக் எண்ணெய் போகிற இரும்புக் குழாய் சுண்டுவிரலைவிட மெல்லியது. லொறியின் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பின் சக்கரத்துக்குப் போகிறது. சட்டத்தைப் பார்த்த மேல்பக்கத்தில் ஓரிடத்தை அரத்தால் தேய்த்தேன். காகித அளவு மிச்சம் வைத்தேன். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அது யாரும் செய்யக்கூடிய வேலை. அதைப் பற்றி நான் பெருமை பேசமாட்டேன்.

மீதி நாள் முழுவதும் துருவுக்குத்தான். எலுமிச்சைச் சாறும் உப்பும் பட்டால் இரும்பு ஒரே நாளில் பூத்துவிடும். ஆனால் அது ஒரே நிறத்தில், பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். வயசான துருவில் நாலு நிறம் உண்டு. அடியில் கறுப்பு, அதற்கு மேல் கருஞ்சிவப்பு, அதன் விளிம்பில் மஞ்சள், காய்ந்து உதிரும் இடத்தில் சாம்பல். கறுப்புக்குத் தேயிலைத் தூளை ஊறவைத்த சாயம். மற்ற மூன்றும் பெயின்ட். இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்கு, போகப் போக மங்கும்படி கொண்டுபோனேன். ரோட்டு மண்ணைத் துணியில் சலித்து, பழைய என்ஜின் எண்ணெயில் குழைத்து இடுக்குகளில் அப்பினேன். இரண்டு வருஷத்தை மூன்று நாளில் அடித்தேன்.

லொறி எங்காவது ஒரு மண்மேட்டில் இடிக்கும், அவன் கழுவுகிற லட்சணத்தைத் துரை குனிந்து பார்ப்பார். அவ்வளவுதான் என் எண்ணம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. அன்று கழுவலில் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். ஆனால் நல்ல மழை. காய்ச்சல் என்று கந்தப்பன் கழுவ வரவில்லை. இரண்டு வருஷத்தில் அவன் கழுவாமல் விட்ட ஒரே ஞாயிறு அதுதான் என்று பிறகு கோர்ட்டில் சொன்னான். யாரும் நம்பவில்லை.

பத்தாம் நாள் முற்பகல் பத்து மணி இருக்கும். தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போகப் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மேல் லயத்திலிருந்து நாலு பேர் கம்பளியில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆண்டியப்பன் பெண்சாதி வீரம்மா. தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்திருக்க முடியாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம். துரையின் கார் நுவரெலியாவுக்குப் போயிருந்தது. கந்தப்பன் யாரையும் கேட்கவில்லை. ஏற்றிய பெட்டிகளை இறக்கச் சொன்னான். சாக்குகளை மடித்துப் பின்னால் மெத்தை மாதிரி போட்டான்.

“மத்தியாசு, ஒரு கை புடிப்பா” என்றான்.

பிடித்தேன். கால் பக்கம் என் கையில். பாதம் சில்லென்று இருந்தது. அண்ணே, மெதுவா என்று அந்தப் பெண்பிள்ளை சொன்னது. மெதுவாகத்தான் வைத்தேன். அதை ஆண்டியப்பனைக் கேட்டாலும் சொல்வான்.

“பின்னால ஏறி வர்றியா? வளைவுல உருளாம புடிச்சுக்க ஆள் பத்தாது.”

எழுத்து அடிக்க இன்னும் முப்பது பெட்டி இருக்கிறதே அண்ணே என்றேன். அவன் தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்தான்.

நான் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நேரத்தில் நான் சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் மழையில் நிறம் கரைந்திருக்குமோ என்று ஒரு கவலை இருந்தது. கரையவில்லை. இன்னும் நன்றாகப் பிடித்திருந்தது. நிமிர்ந்தபோது லொறி கிளம்பிவிட்டது.

மூன்றாவது வளைவில் நடந்தது. பிரேக் இல்லை என்று தெரிந்ததும் கந்தப்பன் மேட்டுப் பக்கம் ஒடித்து மண்ணில் உரசியிருக்கிறான். ஒருமுறை நின்றுவிடும் போல இருந்ததாம். ஈர மண் விட்டுக்கொடுத்தது. லொறி திரும்பி, கீழ்ப் பக்கத்துத் தேயிலைக்குள் இரண்டு குட்டிக்கரணம் போட்டு ஓடையில் கிடந்தது. ஆண்டியப்பன் நடுவிலேயே தூக்கி எறியப்பட்டான். வீரம்மா பின் தட்டுக்கு அடியில். வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது. கந்தப்பனுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. நாங்கள் இறங்கிப் போனபோது அவன் காலை இழுத்துக்கொண்டு, கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் வீரம்மாவை எடுக்க ஓடினார்கள். நான் குழாயைப் பார்க்கப் போனேன். தேய்த்த இடத்திலேயே வெடித்திருந்தது. வெடிப்பின் ஓரத்தில் துரு செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அது நான் செய்ததல்ல, தானாக வந்தது. மிக நன்றாக இருந்தது.

மோட்டார் பரிசோதகர் மறுநாள் வந்தார். கோட்டுப் போட்ட மனிதர். அறுத்தெடுத்த குழாயைக் கையில் வைத்துத் திருப்பினார், நகத்தால் ஒரு செதிலைக் கிள்ளிப் பார்த்தார், இரண்டு வருஷத் துரு, டிரைவர் அடியில் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னார். படித்து, பரீட்சை எழுதி, அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற கண். அதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் எனக்கு இதுவரை யாரும் தந்ததில்லை.

வழக்குக்கு முன்னால், ஜாமீனில் இருந்தபோது, கந்தப்பன் என் காம்பராவுக்கு வந்தான். கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். லயத்தில் அவனோடு யாரும் பேசுவதில்லை. லெட்சுமி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போவார்கள். வீரம்மாவின் மாமியார் அவர்கள் வாசலில் தினமும் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போவாள். கந்தப்பன் என் வாசலில் நின்றே பேசினான்.

“தம்பி, அந்தக் கொழாயை எனக்கும் காட்டுனாங்க. துரு மேல் பக்கமா இருக்கு. தண்ணி சொட்டுறது கீழ் பக்கம். பிடிச்சா கீழதானே மொதல்ல பிடிக்கணும்? இது எனக்குப் புரியல. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. உனக்குத்தான் அந்தக் கண்ணு இருக்கு. இந்தத் தோட்டத்துல வேற யாருக்கும் கெடையாது. நீ வந்து சொல்லு. நீ சொன்னா தொரையும் கேப்பாரு.”

இன்ஸ்பெக்டர் ஐயா, பரிசோதகர் பார்த்தார், உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் பார்த்தார், துரை பார்த்தார். ஒருவருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரிந்தது. மறுபடியும் அவன்தான். கால் முறிந்து, பெயர் கெட்டு, என் வாசலில் நின்றுகொண்டு, மறுபடியும் என் வேலையில் பிழை சொன்னான்.

வர்றேன் அண்ணே, சொல்றேன் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அழவில்லை.

கோர்ட்டுக்குப் போனேன். பெயின்டும் துருவும் தெரிந்தவன் என்று அவன் தரப்பில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நீதவான் குழாயை என் கையில் கொடுத்தார். துரு ஏன் மேலே இருக்கிறது என்று கேட்டார்கள். குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சேறு அடைகிறது, அடைந்த சேறு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, கீழ்ப் பக்கம் காற்றில் காய்ந்துவிடும், மேல்பக்கம் காயாது, அந்தச் சேற்றை எடுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும், இரண்டு வருஷம் இருக்கும் என்றேன். நீதவான் எழுதிக்கொண்டார். பரிசோதகர் பின்னாலிருந்து தலையாட்டினார்.

கூண்டில் நின்ற கந்தப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். யோசிக்கிறவன் பார்வை அது. என் விளக்கத்தைத் தனக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதவான் கேட்டபோது, இரண்டு கையையும் கூப்பினான்.

“மத்தியாசு சொன்னா சரியாத்தாங்க இருக்கும். அப்ப நாந்தாங்க ஒழுங்காக் கழுவல. அந்த இடுக்குல கை போவலைன்னு விட்டிருப்பேன் போல.”

மூன்று வருஷம் போட்டார்கள். தோட்டத்தில் அவன் காம்பராவைக் காலி செய்யச் சொன்னார்கள். லெட்சுமி நல்லதண்ணிப் பக்கம் போய்விட்டாள். மலைக்கு யாத்திரை ஜனங்கள் வருகிற மாதங்களில் கடைகளில் பாத்திரம் கழுவுகிறாளாம். கழுவத் தெரிந்தவள்தான்.

போன வருஷம் துரை ஊருக்குப் போனார். எல்லாவற்றையும் பஞ்சில் சுற்றிப் பெட்டிகளில் வைத்து, பெட்டிகளுக்கு எழுத்தும் நானே அடித்தேன். இந்த வருஷம் ஆரம்பத்தில் பங்களா சமையல்கார அப்புவுக்கு ஒரு இங்கிலீஸ் சஞ்சிகை அனுப்பியிருந்தார். நடுப்பக்கத்தில் என் லொறி, என் ஹரிக்கேன், இன்னும் பதினொன்று. பெட்டி எழுத்துகளை வைத்து நான் கொஞ்சம் இங்கிலீஸ் கூட்டி வாசிப்பேன். இவர் ஏழு வருஷம் தனிமையில், காயப்பட்ட கையோடு செய்தவை என்று போட்டிருந்தது. ஹரிக்கேனின் இடது இறக்கையில் பூட்ஸ் தேய்ந்த இடத்தைப் பற்றித் தனியாக நாலு வரி. அந்த ஒரு நுணுக்கத்தில் மனிதனே தெரிகிறானாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சஞ்சிகையை மடித்து வைத்துவிட்டு யோசித்தேன். நாற்பது வேலையும் கடல் கடந்து வேறொருவர் பெயரில் போய்விட்டன. இந்த நாட்டில் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. அது நீதிமன்ற அறையில், நூல் கட்டிய அட்டையோடு, கந்தப்பனின் கவனக்குறைவு என்ற பெயரில் இருக்கிறது. அது கவனக்குறைவு அல்ல. என் வாழ்க்கையில் அதைவிடக் கவனமாக நான் எதையும் செய்ததில்லை. அதைச் சொல்லத்தான் இன்று காலை ஐந்து மைல் நடந்து வந்தேன். நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. நான்தான் வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் நம்பவில்லை. அதில் ஆச்சரியமில்லை. பரிசோதகருக்கு டெலிபோன் செய்தீர்கள், அவர் சிரித்தது எனக்கே கேட்டது. இப்போது குழாயை வரவழைத்து மேசையில் வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் துணியும் தின்னர் போத்தலும். தின்னர் போட்டுத் துடைத்தால் பெயின்ட் வந்துவிடும், அடியில் அரம் தேய்த்த கீறல் தெரிந்தால் நான் சொல்வது உண்மை, இந்த வாரமே கந்தப்பன் வெளியே வந்துவிடலாம் என்கிறீர்கள்.

நீங்கள் சொல்வது சரிதான். தெரியும். பளபளவென்று தெரியும்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். இதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். இந்த மஞ்சள் விளிம்பைப் பாருங்கள். இரண்டு வருஷமாகியும் மங்கவில்லை. துடைத்துவிட்டால் திரும்ப வராது. என்னாலேயே இன்னொன்று இப்படிச் செய்ய முடியாது. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். கையெழுத்தும் போடுகிறேன். வீரம்மாவும் அந்தப் பிள்ளையும் செத்தது என்னால்தான். அதற்கு மேல் உங்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? அவனுக்கு இன்னும் பதினான்கு மாதம்தான் இருக்கிறது. பாதிக்கு மேல் கழிந்துவிட்டது.

வேண்டுமானால் இதைக் கொண்டுபோய்க் கந்தப்பனிடமே காட்டிக் கேளுங்கள். வேலை தெரிந்தவன். துடைக்க வேண்டாம் என்றுதான் அவனும் சொல்வான்.